பெரியம்மா வீட்டுச் சடைநாய்

அண்ணனின் கருமாதி கழிந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒருநாள் மத்தியானம் பெரியப்பா வீட்டு வாசலில் கர்நாடகா நம்பர் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. அண்ணனோடு பெங்களூரில் வேலை பார்த்தவர் அதிலிருந்து இறங்கினார். பெட்டிகள், கம்ப்யூட்டர் பை, சுருட்டிக் கட்டிய மெத்தை, ஒரு மேசை விளக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து உள்நடையில் வைத்தார். எல்லாம் வைத்து முடித்த பிறகு பின்சீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தூக்கி வந்தார். அதற்குள் வெள்ளையும் தவிட்டு நிறமுமாகக் கம்பளி நூல்கண்டு மாதிரி ஏதோ சுருண்டு கிடந்தது. கூடைக் கதவைத் திறந்ததும் அந்தக் கண்டு எழுந்து வெளியே வந்தது; உடம்பை ஒரு உதறு உதறியது; நேரே பெரியப்பாவிடம் போய் அவர் காலடியில் மல்லாந்து படுத்துக்கொண்டது.

பெரியப்பா இரண்டடி பின்னால் நகர்ந்தார். தென்காசிக் கோயிலில் பூசைக் கட்டளை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டுப் படியை நாய் ஒன்று தாண்டி வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவும் சாவு விழுந்த வீட்டில், வந்த உடனேயே வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கிறது. அதை அதட்டுவதா, விரட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீடு அதே தெருவில், பெரியப்பா வீட்டுக்கு எதிர்வரிசையில் இருந்தது. அண்ணன் என்று நான் சொல்வது பெரியப்பாவின் ஒரே மகனை. மழையில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துபோனான். ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு என்னைப் பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். டிவி போட்டுக் கொடுத்து, முறுக்கும் கொடுத்தார்கள். அதனால் அண்ணன் இல்லை என்பது எனக்குச் சொல்லித் தெரிந்த செய்தியாகவே இருந்தது. அந்தப் பெட்டிகளைப் பார்த்தபோதுதான் அவன் இனிமேல் வரமாட்டான் என்று தோன்றியது.

பெங்களூர்க்காரர் பெரியப்பாவை வாசல் பக்கம் அழைத்துப் போய்த் தணிந்த குரலில் நிறைய நேரம் பேசினார். வீட்டைக் காலி செய்துவிட்டார்கள், நாயை வைத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை என்பது மட்டும் என் காதில் விழுந்தது. பிறகு இன்னும் ஏதோ சொன்னார். பெரியப்பாவின் முகம் இறுகியது. "அந்த விசயம் எங்களுக்குத் தேவையில்ல தம்பி" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். நாயைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

பெரியம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதற்குப் பெயர் இருக்கிறதா என்று.

"மோளுன்னு கூப்பிடுவாங்கம்மா."

பெரியம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கார் கிளம்பிப் போகும்வரை அவள் வெளியே வரவில்லை. ஒரு நாய்க்குப் பெயர் இருப்பதில் என்ன வருத்தம் என்று எனக்குப் புரியவில்லை. பெரியம்மா பிறந்தது வடகரையில். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அவள் வீட்டில் பாதிச் சொற்கள் அங்கிருந்து வந்தவை. மோள் என்றால் மகள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்காசித் தெருவில் பிறந்த பையன் தன் நாயை மலையாளத்தில் மகளே என்று கூப்பிட மாட்டான் என்பதும், அப்படிக் கூப்பிட ஒருத்தி அந்த வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதும் அந்த ஒற்றைச் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கோ அது ஒரு வேடிக்கையான பெயர், அவ்வளவுதான்.

மோளுவைப் பின்கட்டில் துவைக்கல் பக்கத்தில் கட்டினார்கள். பெரியப்பா அந்தப் பக்கம் போவதில்லை. பெரியம்மா ஒரு அலுமினியத் தட்டில் தயிர்ச்சோறு பிசைந்து கொண்டுபோய் வைப்பாள். நாயைப் பார்க்காமல் தட்டை மட்டும் பார்த்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். மகன் போன பிறகு அந்த வீட்டில் எல்லாக் காரியமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. விளக்கு ஏற்ற வேண்டிய நேரத்தில் ஏற்றினார்கள், சாப்பிட வேண்டிய நேரத்தில் சாப்பிட்டார்கள். பெரியப்பா விரித்த பேப்பரைப் புரட்டாமலே காலையில் இருந்து மத்தியானம்வரை பிடித்துக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அந்தப் பின்கட்டுக்குத்தான் போவேன். எனக்கு அதுவரை தெரிந்த நாய்களெல்லாம் தெருநாய்கள். அவற்றிடம் இருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும், ஓடக்கூடாது, கண்ணைப் பார்க்கக்கூடாது என்று எங்களுக்குச் சட்டம் உண்டு. மோளுவின் கண்ணைப் பார்க்க நினைத்தாலும் முடியாது. நெற்றி முடி மூக்குவரை விழுந்து கிடக்கும். தூங்கும்போது தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பலமுறை வாலைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். மூக்கு சப்பை. அதனால் தூங்கும்போது பெரியப்பாவைவிடச் சத்தமாகக் குறட்டை விடும். முடியை விலக்கினால் உள்ளே இரண்டு பெரிய கறுப்புக் கண்கள், எப்போதும் இப்போதுதான் அழுது முடித்த மாதிரி ஈரமாக இருக்கும். அது அந்தச் சாதி நாய்களுக்கே உள்ளது, கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், தினமும் துடைத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அண்ணனை நினைத்து அழுகிறது என்றே நம்பினேன். வகுப்பில் மற்ற பிள்ளைகளிடம் சொல்லவும் செய்தேன். இரண்டு பேர் பார்க்க வந்து, அவர்களும் கூடச் சேர்ந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

தெருவில் அதற்குச் சடைநாய் என்று பெயர் விழுந்தது. காவலுக்கு உதவாத நாய் என்பதும் சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பால்காரர், கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவர், தேங்காய் பறிக்க வருகிறவர் என்று யார் பின்கட்டுக்குப் போனாலும் அதற்குக் கொண்டாட்டம். வாலை முதுகின் மேல் மடித்து ஆட்டிக்கொண்டு, கயிறு எட்டும் தூரம்வரை ஓடி வந்து மல்லாந்துவிடும். குரைக்காது. "நாய்னா ஒரு சத்தமாவது குடுக்கணும் அண்ணாச்சி, இது கள்ளனுக்குக் காப்பி போட்டுக் குடுக்கும் போலுக்கே" என்று பால்காரர் பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா சிரிக்கவில்லை. பால்காரரும் துக்க வீடு என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

அதற்கு வேண்டியது ஆள். சோறு வைத்தால் தட்டை முகர்ந்துவிட்டு, வைத்தவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சாப்பிடும். சாப்பிட்டு முடித்து என் மடியில் ஏறி, வயிறு என் தொடையில் படும்படி படுத்துக்கொள்ளும். நான் எழுந்தால் எழும், நடந்தால் நடக்கும். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அது அழாது, கயிற்றை இழுக்காது, கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் திரும்பிப் பார்க்காமலே ஓடிவிடுவேன்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியது. ஊரெல்லாம் குற்றாலத்துக்குப் போகும் வண்டிகள். எங்களுக்குச் சந்தோஷமான அந்த மாதம் மோளுவுக்குக் கெட்ட காலமாக ஆயிற்று. தகரக் கூரைக்குக் கீழேதான் கட்டியிருந்தார்கள் என்றாலும் காற்றில் வரும் தூவானம் நாள் முழுக்க அதை நனைத்தது. நீளமான முடி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும் முடிச்சு முடிச்சாகத் திரண்டது. நான் என் தலை சீவும் சீப்பைக் கொண்டுபோய் இழுத்தேன். சீப்பில் இரண்டு பல் உடைந்தது. மோளு வலியில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, என் கையை நக்கியது.

என் அப்பா எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி வைத்திருப்பவர். அந்த வழி சரியா தப்பா என்பது பிறகுதான் தெரியவரும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் மனிதனுக்கு உடம்புப் பிடிப்பெல்லாம் விட்டுப்போகிறது. அப்படியென்றால் நாய்க்கு முடியில் விழுந்த சிக்கு விடாதா என்று அவர் கேட்டார்.  ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய், சீயக்காய்த்தூள், பழைய துண்டு சகிதம் என்னையும் நாயையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அருவிப் பக்கம் நாயை விடமாட்டார்கள். பழைய குற்றாலம் போகிற வழியில், வேன்காரர்கள் வண்டி கழுவும் வாய்க்காலில் இறங்கினோம். அப்பா மோளுவைக் கல்லில் நிறுத்தி உச்சி முதல் வால்வரை எண்ணெயை ஊற்றிப் பிசைந்தார். பிறகு சீயக்காய். அதன் பெரிய கண்களுக்குள் தூள் போய்விட்டது. அப்போதும் அது கடிக்கவில்லை. நடுங்கிக்கொண்டே அப்பாவின் முழங்கையில் முகத்தைத் தேய்த்தது. கரையில் வேனுக்காகக் காத்திருந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தது. அதில் கல்லூரிப் பெண் மாதிரி இருந்தவள் மட்டும் சிரிக்காமல், "பாவம், ஷிட்ஸு" என்றாள். அப்பாவுக்கு அது இங்கிலீஷ் வசவாகக் கேட்டது. கோபத்தில் மிச்சச் சீயக்காயை அப்படியே வாய்க்காலில் கொட்டிவிட்டு, நாயைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார்.

வரும் வழியெல்லாம் சாரல். வெயில் இல்லை, காயவைக்க வழியில்லை. எண்ணெயும் தூளும் ஈரமும் சேர்ந்து, அடுத்த சில நாட்களில் அந்த முடி முழுக்கச் சாக்குத்துணி மாதிரி ஆகிவிட்டது. சிக்கு விழுந்த முடியை எடுக்காமல் நனைத்தால் அது இன்னும் இறுகும் என்பதை நாங்கள் யாரும் அறிந்திருக்கவில்லை. மோளு கால்களை மெல்லத் தொடங்கியது. ஒரு வாடை வேறு வந்தது. நான் மடியில் வைத்துக்கொள்வதை அம்மா தடுத்துவிட்டாள்.

அப்பா மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். கன்றுக்குட்டிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் எங்கள் முறை வந்தபோது டாக்டர் மோளுவை மேசையில் வைத்து, ஒரு முடிச்சை விலக்கிக் காட்டினார். அடியில் தோல் புண்ணாகிச் சிவந்திருந்தது. அவர்தான் ஷிட்ஸு என்பது இந்த நாயின் சாதிப்பெயர் என்று சொன்னார். அப்பாவுக்குப் பாதி மனது ஆறியது. ராசா வீடுகளில் மடியில் வைத்து வளர்ப்பதற்கென்றே உண்டான நாய், ஆளை விட்டுத் தனியாக இருக்கத் தெரியாது, பின்கட்டில் கட்டிப்போட்டால் நொந்துபோகும் என்றார் டாக்டர். "முடி நம்ம தலைமுடி மாதிரிதான், வளந்துக்கிட்டே இருக்கும். தெனமும் ஒக்காந்து சீவணும். அதுக்கு ஆள் இல்லேன்னா மொத்தமா வழிச்சுருங்க, அதுக்கும் சொகம், ஒங்களுக்கும் சொகம்." புண்ணுக்கு ஒரு களிம்பு தந்து, வரும் வியாழக்கிழமை மிஷின் வைத்து எடுத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அப்பா பெரியப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும் இருந்தேன். பெரியப்பா வழக்கம்போலப் பேப்பருக்குப் பின்னால் இருந்து ஒரு 'ம்' கொடுத்தார். அடுக்களைக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"வழிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்க. ஆளு வருது."

யார் வருகிறார்கள் என்று அப்பா கேட்டார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு வாரம் முன்னால் பெரியம்மாவின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. வெகுநேரம் காதில் வைத்திருந்தாள். அவள் பேசியது மூன்றே சொல். "இருக்கு" என்றாள். "கெடக்கு" என்றாள். வைக்கப்போகும்போது "வா" என்றாள். கேஸ் சிலிண்டர்க்காரன் என்று நினைத்து நான் விளையாடப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், கொல்லத்திலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கி ஆட்டோவில் வந்தாள் அவள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சாம்பல் நிறச் சுடிதார், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிறு சிலுவை. முழங்கையில் மாட்டிக்கொள்கிற ஊன்றுகோல் ஒன்றைத் தரையில் ஊன்றி, இடதுகாலை இழுத்து இழுத்துப் படியேறினாள். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவரவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பா அவளைப் பார்த்ததும் எழுந்தார். பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளைக் கடந்து வெளியே போய்விட்டார். அவள் தலைகுனிந்து வழிவிட்டாள்.

பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "கால் எப்படி இருக்கு?"

"இப்பம் பரவால்லம்மா. நடக்க முடியுது."

அவள் காலில் அடிபட்டது பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் வளர்ந்து பெரியவளான பிறகுதான் அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த மழையில் அண்ணனுக்குப் பின்னால் பைக்கில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். இரண்டு பேரும் பெங்களூரில் ஒரே வீட்டில் இருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அண்ணன் கேட்டான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, அதிலும் மலையாளத்துப் பிள்ளை என்று பெரியப்பா மறுத்தார். இனி அவளோடும் வராதே, தனியாகவும் வராதே என்று போனில் சொன்னதுதான் அவர் மகனிடம் பேசிய கடைசிப் பேச்சு. அண்ணனை இங்கே கொண்டுவந்து எரித்தபோது அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பிறகு கொல்லத்தில் தகப்பனார் வீட்டில் மாதக்கணக்கில் படுக்கை. அதனால்தான் நாயைக் கவனிக்க ஆளில்லாமல் அந்த நண்பர் இங்கே கொண்டுவந்து விட்டார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ ஒரு அக்கா வந்திருக்கிறாள் என்பதுதான். அவள் பேசிய நாலு சொல் முடிவதற்குள் பின்கட்டில் ஒரு குரைப்புச் சத்தம் எழுந்தது. மோளுவுக்குக் குரைக்கத் தெரியும் என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். தொடர்ந்து குரைத்தது, கீச்சிட்டது, கயிற்றை இழுத்ததில் தகரக்கூரைக் கம்பு ஆடியது. நான் ஓடிப்போய் அவிழ்த்துவிட்டேன். வீட்டுக்குள் வராத நாய், அடுக்களை, பூசை அலமாரி எல்லாவற்றையும் தாண்டி நடுவீட்டுக்குள் பாய்ந்து வந்து அவள் காலில் மோதியது. அவள் ஊன்றுகோலைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அழுக்கும் எண்ணெயும் புண்ணுமாக இருந்த அந்த உடம்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் எழுப்பிய சத்தத்தில் எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரியம்மா அடுக்களை நிலையைப் பிடித்தபடியே நின்றாள். நாய் வீட்டுக்குள் வந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பின்கட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்து, அந்த அக்கா பையிலிருந்து கம்பிப்பல் வைத்த சீப்பும் சின்னக் கத்தரிக்கோலும் எடுத்தாள். முகப்பவுடர் இருக்கிறதா என்று கேட்டாள். முடிச்சுகளின் மேல் பவுடரைத் தூவி, விரல்களால் மெல்லப் பிய்த்துப் பிரித்தாள். வேரிலிருந்து இழுக்காமல், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே மேலே போக வேண்டும் என்பதை அவள் செய்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எந்த முடிச்சாவது பிரியவில்லையென்றால் நீளவாக்கில் கத்தரித்துவிட்டு மறுபடி விரல். மோளு அவள் தொடையில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் பேச்சு எனக்கு வேடிக்கையாக இருந்தது. மலையாளத்துக்காரி என்றார்கள், ஆனால் அவள் பேசிய தமிழ் அப்படியே எங்கள் ஊர்த் தமிழ். 'வருதேன்' என்றாள், 'சொல்லுதேன்' என்றாள், 'இங்கன பிடி' என்று என்னிடம் நாயின் காலைக் கொடுத்தாள். 'எங்க ஊருப் பேச்சு ஒங்களுக்கு யார் சொல்லித் தந்தா' என்று நான் கேட்டேன். அவள் குனிந்து சீவிக்கொண்டே இருந்தாள். பெரியம்மா டீ கொண்டுவந்தவள், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு மெல்லக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். சாரல் விட்டு விட்டு விழுந்தது. 

"அன்னைக்கு அவன் சாப்பிட்டானா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"சாப்பிட்டாங்கம்மா. தோசை சுட்டேன். சட்னில காரமே இல்லன்னு சொல்லி, நீங்க குடுத்துவிட்ட மொளகாப்பொடிய எடுத்து வச்சுத்தான் சாப்பிட்டாங்க. டப்பாவ வழிச்சுட்டாங்க."

பெரியம்மா தலையை அசைத்தாள். எதற்கோ சம்மதம் சொல்வது மாதிரி அசைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டி, நான் பிடித்திருந்த மோளுவின் காலை என்னிடமிருந்து வாங்கித் தான் பிடித்துக்கொண்டாள். அதற்குமுன் அவள் அந்த நாயைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் தணிந்த குரலில் என்னவெல்லாமோ பேசினார்கள். என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். நான் திரும்பி வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. மோளுவின் நெற்றி முடியைத் தூக்கி ஒரு ரப்பர் பேண்டில் கட்டியிருந்தார்கள். முதல்முறையாக அதன் முகத்தை முழுதாகப் பார்த்தேன். வயதான ஒரு சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் அவள் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருந்தது. 

"இவள நான் கூட்டிட்டுப் போவட்டுமாம்மா?"

 பெரியம்மா அவள் முகத்தைப் பார்க்காமல், நாயைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்ல. இங்கனயே கெடக்கட்டும்."

அந்த அக்கா இன்னொரு முறை கேட்கவில்லை. கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ. சீப்பை என் கையில் கொடுத்தாள். மோளுவின் காதுக்குள் மலையாளத்தில் ஏதோ சொன்னாள். வாசலுக்கு வந்தபோது ஆட்டோ ஒன்று தயாராக நின்றது. பக்கத்தில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். எங்கே போயிருந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சட்டை தோளில் நனைந்திருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, ஊன்றுகோலை உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டோக்காரனிடம் மட்டும் பேசினார். "பள்ளம் பாத்து மெதுவாப் போடே. கால்ல அடிபட்ட பிள்ள."

ஆட்டோ திரும்பியதும் மோளு பாயப் பார்த்தது. பெரியம்மா சட்டென்று குனிந்து அதை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது அவள் சேலையைப் பிறாண்டிக்கொண்டு அழுதது. தெருமுனையில் ஆட்டோ மறைந்த பிறகும் அந்த அழுகை ஓயவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. நாய் போய்விடக் கூடாது என்று மத்தியானம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தவள் நான்தான். ஆனால் அந்த அழுகையைக் கேட்ட பிறகு பெரியம்மா செய்தது பெரிய அநியாயமாகத் தெரிந்தது. "அந்த அக்காட்டயே குடுத்திருக்கலாம்லா பெரியம்மா. அவங்க நாய்தான அது" என்று கேட்டேன்.

"குடுத்துட்டா, அந்தப் பிள்ளைக்கு இந்த வீட்டுல என்ன சோலி இருக்கு?" என்றாள் பெரியம்மா.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நொண்டிக்கொண்டு மலை தாண்டி வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்துவிட்டுப் போனவளைப் பார்த்து, உனக்கு இந்த வீட்டில் என்ன சோலி என்று கேட்கிறாளே என்று எனக்கு அழுகை வந்தது. அந்த வாக்கியத்தின் முதல் சொல்லை நான் காதில் வாங்கவேயில்லை. அம்மாவிடம் போய், பெரியம்மா ரொம்பக் கெட்டவள் என்று சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை; துக்கத்தில் இருக்கிறவர்கள் முன்னுக்குப் பின் பொருந்தாமல்தான் பேசுவார்கள் என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து மோளு பின்கட்டில் இல்லை. வீட்டுக்குள் பெரியம்மா போகும் இடமெல்லாம் போயிற்று. பெரியப்பா பேப்பர் படிக்கும்போது அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது; அவர் காலை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த கோடையில் முடியை வழித்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியும் பெரியம்மா சம்மதிக்கவில்லை. அந்த அக்காவிடமிருந்து சிலகாலம் போன் வந்துகொண்டிருந்தது. மோளு என்ன செய்கிறது என்று கேட்பாள். பெரியம்மா போனை நாயின் காதில் வைப்பாள். பிறகு போன் வருவது குறைந்தது. அவள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டதாக ஒருநாள் சொன்னார்கள். அவள் திரும்ப எங்கள் தெருவுக்கு வரவில்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது மோளு செத்துப்போனது. அதுவரை அதன் முடி நீளமாகவேதான் இருந்தது.

இவையெல்லாம் பிற்பாடு. அவள் வந்துபோன அந்த வருடம், ஐப்பசி மழை தொடங்கும் சமயம், நான் அவள் தந்த சீப்பை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க மோளுவைச் சீவினேன். நுனியிலிருந்து ஆரம்பித்து, பவுடர் போட்டு, விரலால் பிரித்து, ஒரு சிக்கு விடாமல் எடுத்தேன். முதுகு முடி பட்டுநூல் மாதிரி இரண்டு பக்கமும் வழிந்தது. பெரியம்மாவிடம் இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை என்றாலும், பாராட்டு வேண்டியிருந்ததால் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நாயின் முதுகில், வயிற்றில், காதுக்குப் பின்னால் என்று விரலை விட்டுத் தேடினாள். எங்குமே முடிச்சு இல்லை. அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"எல்லாத்தையும் நீயே எடுத்துட்டியா?" என்றாள்.

ஆமாம் என்றேன் பெருமையாக.

"காதுக்குப் பின்னால உள்ளத மட்டும் இனிமே எடுக்காத, என்ன. அது வந்து எடுத்துக்கிடும்."

அது என்று அவள் சொன்னது அந்த அக்காவைத்தான் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் சோலி இல்லை என்று சொன்னவளும் இவள்தான். சோலியை எடுத்து வைக்கச் சொல்கிறவளும் இவள்தான். துக்கத்தில் இருக்கிறவர்கள் முன்னுக்குப் பின் பொருந்தாமல் பேசுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சீப்பைத் துடைத்து வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.